நிலப்போர்வை (மலைச் சிறுதானியச் சாகுபடி)

நிலப்போர்வை அல்லது மூடாக்கு என்பது பயிர்களுக்கு இடையே வெறுமையாகக் கிடக்கும் மண்ணை வைக்கோல், சருகு, தழை போன்றவற்றால் மூடி வைக்கும் வேளாண் முறை ஆகும். தமிழ்நாட்டில் இம்முறையை உழவர்களிடையே பரப்பியவர்களுள் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) குறிப்பிடத்தக்கவர். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலுள்ள வாழவந்தி நாடு போன்ற பகுதிகளின் மானாவாரிச் சரிவுகளில் மண்ணின் ஈரத்தைக் காக்க இது ஏற்றதொரு வழியாகும். எனினும் இதற்குச் சில வரம்புகளும் உண்டு.

செயற்படும் விதம்

வெயிலும் காற்றும் நேரடியாகப் படும் மண்ணில் மேற்பரப்பு நீர் விரைவில் ஆவியாகிறது. போர்வை வெயிலை மறைத்து, மண்ணை ஒட்டிய ஈரக்காற்று அகலாமல் காக்கிறது. ஒளி கிடைக்காமல் களைகள் குறைவதால் அவை உறிஞ்சும் நீரும் மிஞ்சுகிறது. மழைத்துளி மண்ணைத் தாக்காததால் மேற்பரப்பு இறுகாமல், நீர் உள்ளே இறங்குகிறது. போர்வை நீரைத் தருவதில்லை. பெய்த நீரைச் சேமிக்கிறது. எனவே தொடர்மழைக் காலத்தில் இதன் பயன் குறைவு. மழை விட்டு இரண்டு வாரம் வறளும்போதுதான் வேறுபாடு தெரியும்.

பாசனத்துடன் தொடர்பு

வடமேற்கு இந்தியாவின் குளிர்காலப் பயிரான வாற்கோதுமை (பார்லி) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு முறை பாய்ச்ச மட்டுமே நீர் இருப்பின், விதைத்த 30–35ஆம் நாளில், அதாவது தூர்கட்டும் பருவத்தில், பாய்ச்சுவது பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டாவது நீர் 65–70ஆம் நாளில். கதிர்களின் எண்ணிக்கை பெரும்பாலும் தூர்கட்டும்போதும், மணியின் எடை பால்பிடிக்கும்போதும் அமைவதே காரணம். போர்வையிட்ட வயலில் ஈரம் நீடிப்பதால் பாசன இடைவெளியைக் கூட்ட இயலும்.

கொல்லிமலையில்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000–1,300 மீட்டர் உயரமுள்ள இம்மலையில், ஓடைநீர் பாயும் பள்ளத்தாக்குகளில் நெல்லும், சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு ஆகியனவும் விளைகின்றன. சரிவுக்குப் பாசனம் எளிதன்று. ஓர் ஏக்கருக்கு 50 மி.மீ. நீர் பாய்ச்ச ஏறத்தாழ 2 இலட்சம் லிட்டர் வேண்டும். அதனை மேட்டிற்கு ஏற்றும் செலவைச் சாமையின் விளைச்சல் தாங்காது.

போர்வையிடுவதிலும் இடர்கள் உள்ளன. சாமையின் விதை மிகச் சிறியது. முளைக்கும் முன் தடித்த போர்வை இட்டால் நாற்று வெளிவராது. கைவீச்சாக விதைத்த நிலத்தில் செடிகளுக்கிடையே சருகு பரப்புவது கடினம். வரிசை விதைப்பில் எளிது. வைக்கோலை மண்ணில் புதைத்தால் அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் சிலகாலம் வெளிறக்கூடும். மேலே பரப்பினால் இது குறைவு. பெரிய தடை வைக்கோலே. வழக்கமான பரிந்துரையான எக்டேருக்கு 5 டன், ஏக்கருக்கு 2 டன் ஆகும். சாமை வைக்கோல் பொதுவாக அந்த அளவுக்குக் கிடைப்பதில்லை. கிடைப்பதும் மாட்டுக்குத் தீவனமாகிறது. ஆகவே களைகளையும் வேலியோரத் தழைகளையுமே பெரிதும் நம்பவேண்டியுள்ளது.

மரவள்ளி

20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதால் சாமை நிலம் சுருங்கியது. உள்ளூர்ச் சாமை வகைகளைக் காக்க எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து அங்கு பணியாற்றி வருகிறது. இடைவெளி விட்டு நடப்படும் மரவள்ளியின் இலைகள் நிலத்தை மூட ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். அதற்குள் பெய்யும் மழை சரிவின் மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. அந்த இடைவெளியில் விதைக்கப்படும் சிறுதானியமோ பயறோ உயிருள்ள போர்வையாக அமைகிறது.