மோட் கோப்பு யார் வீட்டில் இருக்க வேண்டும்?

யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற கணினி விளையாட்டு 2012-இல் வெளிவந்தது. அதைச் செய்தது செக் குடியரசின் பிராக் நகரிலுள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் நிறுவனம். அதில் இருந்தவை ஐரோப்பியச் சாலைகளும் லாரிகளும்தான். ஆனால், இன்று அதே விளையாட்டில் தமிழ்நாட்டுப் பேருந்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேருந்தைச் செய்து பகிர்ந்தவர்கள் ரசிகர்கள். இப்படி ஒரு விளையாட்டோடு பிறர் சேர்க்கும் கோப்பைத்தான் மோட் என்கிறோம்.

மோட் சேர்க்க உங்களில் பலருக்குத் தெரியும். அது கணினியில் எங்கே போய் உட்காருகிறது என்று கேட்டால்தான் பலரும் விழிக்கிறீர்கள்.

விண்டோஸ் கணினியில் விளையாட்டை நிறுவும்போது அது பெரும்பாலும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற கோப்புறைக்குள் போகிறது. மோட்டையும் அங்கேயே போட்டால் என்ன? பல விளையாட்டுகள் அப்படித்தான் கேட்கின்றன. 2011-இல் வந்த ஸ்கைரிம், தான் நிறுவப்பட்ட இடத்திலுள்ள ‘டேட்டா’ கோப்புறையில்தான் மோட்டைத் தேடும். இதனால் நிறுவனத்தின் கோப்புகளும் நீங்கள் சேர்த்தவையும் ஒன்றாகக் கலந்துவிடும். மூலக் கோப்பு ஒன்றை மோட் மாற்றியிருந்தால், அடுத்த புதுப்பிப்பு அந்த மாற்றத்தைத் துடைத்துவிடலாம். விளையாட்டை நீக்கும்போது எது போகும், எது தங்கும் என்று சொல்வதும் கடினம். இதற்காகவே ரசிகர்கள் ‘மோட் ஆர்கனைசர்’ என்ற மென்பொருளை எழுதினார்கள். அது மோட்டுகளை வேறோர் இடத்தில் வைத்துக்கொண்டு, அவை டேட்டா கோப்புறையில் இருப்பதுபோல விளையாட்டுக்குக் காட்டுகிறது. கெட்டிக்கார ஏமாற்று!

பேராவின் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தாத்தா பாட்டி உங்களுக்கு இருந்தால், இந்தச் சிக்கல் அவர்களுக்கு உடனே புரியும். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. பின்னால் முருங்கையும் வாழையும் நட்டது தொழிலாளி. தோட்டம் கைமாறி, நிலம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போனபோது லயத்தோடு முருங்கையும் போனது. நிறுவனத்தின் கோப்புறையில் வைத்த மோட்டும் அப்படித்தான். உழைப்பு உங்களுடையது, இடம் உங்களுடையது அல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொதுவானது. அங்கே ஒருவர் எதையும் மாற்றினால் அது மற்றவர்களையும் பாதிக்கும். அதனால் நிர்வாகி அனுமதி இல்லாமல் அங்கே எழுத முடியாதபடி விண்டோஸ் தடுக்கிறது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா இந்தக் கட்டுப்பாட்டை இறுக்கியது. பழைய மென்பொருள் ஏதாவது அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் அந்தப் பயனரின் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற கோப்புறைக்குத் திருப்பி அனுப்பிவிடும். அண்ணன் தன் கணக்கில் விளையாடிச் சேர்த்தது தங்கையின் கணக்கில் தெரியாமல் போகும் மர்மம் இதுதான்.

ஆகவே மோட்டுக்கு உரிய இடம் பயனரின் சொந்தக் கோப்புறை என்பது என் கருத்து. யூரோ டிரக் அதைத்தான் செய்கிறது. ‘டாக்குமெண்ட்ஸ்’ கோப்புறைக்குள் விளையாட்டின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் ‘மோட்’ என்று ஒன்று. தி சிம்ஸ் 4 விளையாட்டும் டாக்குமெண்ட்ஸைத்தான் பயன்படுத்துகிறது. எளிதாகக் கண்டுபிடிக்கலாம், நகலெடுக்கலாம், நிர்வாகியைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால், இதிலும் ஒரு குறை இருக்கிறது. பல கணினிகளில் டாக்குமெண்ட்ஸ் கோப்புறை ஒன்டிரைவ் மேகச் சேமிப்போடு இணைந்திருக்கும். இலவசக் கணக்கில் கிடைப்பது 5 ஜிபி மட்டுமே. பேருந்துகளும் வரைபடங்களும் அதை நிரப்பிவிட்டால், உங்கள் வரலாற்று இடுபணி மேலே ஏறாமல் நிற்கும். மைன்கிராஃப்ட் வேறு வழியில் போகிறது. அதன் கோப்புறை ‘ஆப்டேட்டா’வுக்குள் இருக்கிறது. அதுவும் பயனருடைய இடம்தான், ஆனால் விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். இடத்தை நாமே தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் வைப்பதுதான் நேர்மையான வழி. அதைச் செய்யும் விளையாட்டுகள் குறைவு.

கைப்பேசியில் நிலைமை இன்னும் இறுக்கம். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலியின் சொந்தக் கோப்புறைக்குள் மற்றச் செயலிகள் நுழைவது கட்டுப்படுத்தப்பட்டது. செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் அழியும். பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா விளையாடுகிறவர்கள் தங்கள் மோட்டுகளின் நகலை வேறிடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சொந்தக் கோப்புறையில் இருக்கும் மோட் பாதுகாப்பானது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மைன்கிராஃப்ட் மோட் என்பது ஜாவா நிரல். நீங்கள் திறக்கக்கூடிய கோப்புகளை எல்லாம் அதுவும் திறக்கலாம். 2023 ஜூனில் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் ஆகிய தளங்களிலிருந்த சில மோட்டுகளில் ‘ஃபிராக்சரைசர்’ என்ற தீநிரல் பிடிபட்டது. அது உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களைத் திருடியது. கணினியிலிருந்த மற்ற ஜாவா கோப்புகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. அப்பா வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே பயனர் கணக்கில் நீங்கள் மோட் போட்டு விளையாடினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸில் உங்களுக்கென்று நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறக்கச் சில நிமிடங்கள் போதும். அமைப்புகளில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதிக்குப் போய், அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வாரமே செய்துவிடுங்கள்.