காய்ச்சல் விட்ட பிறகு

"காய்ச்சல் விட்டுடுச்சு, இனி பயமில்லை." வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் அந்த நேரத்தில்தான் சிலருக்கு டெங்கு தன் வேலையைக் காட்டத் தொடங்குகிறது.

உடல் வெப்பத்துக்கு ஓர் அளவு வைத்து அதைக் காப்பது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். கிருமி நுழைந்ததும் நோய் எதிர்ப்பு அணுக்கள் விடும் சமிக்ஞைகளால் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, அந்த அளவை மேலே ஏற்றுகிறது. உடம்பு 99 டிகிரியில் இருக்க, மூளை 102 கேட்கிறது. அதனால்தான் கொதிக்கும் உடம்போடு குளிர்கிறது என்று போர்வை தேடுகிறோம். பாராசிட்டமால் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும், கிருமியைத் தொடாது. மாத்திரைக்குச் சூடு இறங்கியது என்பதால் நோய் தீர்ந்தது என்று ஆகாது.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணும் முழுக்கதையைச் சொல்வதில்லை. 103 டிகிரி அடித்த குழந்தை, சூடு தணிந்ததும் எழுந்து விளையாடலாம். 100 டிகிரியிலேயே இன்னொரு குழந்தை துவண்டு கிடக்கலாம். கவலைப்பட வேண்டியது இரண்டாவது குழந்தைக்காக. ஆனால், மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரி தொட்டாலே தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

டெங்குவில் காய்ச்சல் பெரும்பாலும் 2 முதல் 7 நாள் வரை இருக்கும். அது இறங்கும்போது சிலருக்கு நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவர் கசியத் தொடங்குகிறது. குழாய் எங்கும் கிழிவதில்லை. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்க, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் வடிகட்டியில் இறங்குவதுபோல வெளியேறி வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊரே பிளேட்லெட் எண்ணிக்கையைப் பேசிக்கொண்டிருக்க, மருத்துவர் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பார்ப்பது இதனால்தான்.

வியப்பு என்னவென்றால், இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. வெளியேறிய நீரை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வைரஸைக் கொல்ல மருந்து இல்லாவிட்டாலும், அந்த இரண்டு நாளைக் கடக்கும்வரை திரவத்தை அளவோடு கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள். அளவு மீறினால் அதுவே நுரையீரலில் கோத்துக்கொள்ளும். வீட்டில் கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். போதும், டிரிப்ஸ் தேவையா, எவ்வளவு என்பது மருத்துவமனையில் முடிவாக வேண்டியது.

சளியோடு வரும் சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் ஓய்விலேயே தணியும். டெங்கு பரவும் காலத்தில் இரண்டு நாள் தாண்டினால் ரத்தப் பரிசோதனை தேவை. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் முதல் நாளே போவது நல்லது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், சில்லிட்ட கைகால், அசாத்தியச் சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது – இவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவானாலும், உடனே கிளம்ப வேண்டும். உடம்பு வலிக்கு என்று ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக் கூடாது; ரத்தக்கசிவை அவை கூட்டும்.

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்பதுதான் மருத்துவரின் முதல் கேள்வி. தொடங்கிய நாள், குடித்தது, சிறுநீர் போன நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் குறிப்பதை நிறுத்தாதீர்கள்.