உப்சி எப்படி? மூத்த மாணவரிடம் கேட்க வேண்டியவை

தமிழாசிரியராக விரும்பும் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டார மாணவர்கள் பேராக் மாநிலத்திலேயே படிக்கலாம். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் (உப்சி) தமிழ்மொழிக் கல்வியில் இளங்கலைப் பட்டம் உண்டு. 1922-இல் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இது, 1997-இல் பல்கலைக்கழகமானது.

"உப்சி எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், "பரவாயில்லை" என்ற பதிலே வரும். அங்குப் படிக்கும் அண்ணன், அக்காவிடம் குறிப்பாகக் கேளுங்கள். பழைய, புதிய வளாகங்களுக்கு இடையே பேருந்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? எல்லா ஆண்டும் விடுதி கிடைக்குமா? வெளியே வாடகை எவ்வளவு? பிடிபிடிஎன் கடன் மாதச் செலவுக்குப் போதுமா?

பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். பட்டம் பெற்றதும் அரசுப் பள்ளியில் வேலை தானாக வந்துவிடாது. கல்விச் சேவை ஆணையத்தின் நேர்முகத் தேர்வு உண்டு. ஆகவே, படிப்பவரிடம் மட்டுமல்ல, படித்து முடித்தவரிடமும் கேளுங்கள்.