வரவு செலவுக் கணக்கும் அந்தரங்கமும்

வீட்டு வரவு செலவை எழுதி வைக்க வேண்டும் என்று உபதேசிக்காத ஆசிரியர் இல்லை. அவ்வாறு எழுதி வந்த குடும்பங்களோ மிகச் சில. அந்த வேலையை இன்று கைத்தொலைபேசியே செய்து தருகிறது. சம்பளம் வங்கியில் சேர்ந்ததும் வரவாகவும், கடையில் பணம் கட்டியதும் செலவாகவும் தானே பதிந்துகொண்டு, அரிசிக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிள் தவணைக்கு இவ்வளவு என்று மாத முடிவில் வகைப்படுத்திக் காட்டும் செயலிகள் பல உள்ளன. அவற்றுள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளிலும் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இவை புதியன அல்ல. இந்தச் சௌகரியத்திற்கு ஈடாக நாம் கொடுப்பது யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

தன் கணக்கைப் பிறர் கையில் கொடுத்து வைத்திருப்பது நம் சமூகத்துக்குப் பழகிய நிலையே. கெடா தோட்டப்புறங்களில் ‘555’ என்று மேலட்டையில் அச்சிட்ட சிறு கடன் புத்தகத்தை அறியாத பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். மாதம் முழுவதும் சாமான்களைக் கடனாக வாங்கிச் சம்பள நாளில் தீர்ப்பது வழக்கம். கடைக்காரர் எழுதுவார், எழுதப் படிக்கத் தெரியாதவர் நம்புவார். எந்த வீட்டில் என்ன வாங்கினார்கள், எந்த மாதம் கை வறண்டது என்பதெல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிலைமை இதனினும் கொடிது. அங்கே ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. வேறு தோட்டம் செல்ல விரும்பும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோர் அவரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பர். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும். கடன் தொழிலாளியோடு கூடவே போய்ச் சேரும். தாளிலிருந்தது அவருடைய கணக்கு. ஆயினும் அது பேசியது இரு முதலாளிகளுக்கிடையே. 1921இல் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. செயலியைத் துண்டோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் சொல்லக்கூடும். கொடுமையில் இரண்டும் ஒன்றல்லதான். ஆனால், ஒருவனது கணக்கு அவனறியாமல் யார் யாரிடையே கைமாறுகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

இச்செயலிகள் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இது விளங்கும். முதல் வகையில், செலவை நாமே தட்டெழுதிப் பதிகிறோம். தொலைபேசியை விட்டு அது வெளியே போகாதபடி அமைந்த செயலிகளும் உண்டு. இரண்டாம் வகையில், வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் இரகசியச் சொல்லையும் ஸ்தாபனத்திடமே கொடுத்து விடுகிறோம். அதன் கணினி நம்மைப் போலவே வங்கிக்குள் நுழைந்து, திரையில் உள்ளவற்றைப் படியெடுத்து வருகிறது. வீட்டுச் சாவியைக் கொடுத்து, கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வா என்பது போன்றது இது. இரகசியச் சொல்லை எவரிடமும் கூறலாகாது என்பது வங்கிகளின் விதியாதலால், பணம் பறிபோனால் வழக்கு நமக்குச் சாதகமாக அமைவதும் அரிது. மூன்றாம் வகையில் சாவி கைமாறுவதில்லை; இன்னது, இத்தனை காலத்துக்கு, பார்வைக்கு மட்டும் என்று வங்கியின் மூலமே அனுமதி அளிக்கப்படுகிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள ‘அக்கவுண்ட் அக்ரிகேட்டர்’ ஏற்பாடு இவ்வகையைச் சேர்ந்தது. இடையில் நின்று விவரத்தைக் கொண்டு சேர்க்கும் ஸ்தாபனம், தான் சுமக்கும் விவரத்தைத் தானே படிக்க இயலாது; கொடுத்த அனுமதியை நாம் திரும்பப் பெறவும் இயலும்.

இலவசமாகச் சேவை தருவோர் எதைக் கொண்டு பிழைக்கிறார்கள்? அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய ‘மின்ட்’ என்ற சேவையை 2009இல் ‘இன்டியூட்’ நிறுவனம் 17 கோடி டாலருக்கு வாங்கியது. பயனரிடம் கட்டணம் வாங்காத சேவைக்கு இவ்வளவு விலை! பயனரின் கணக்கைப் பார்த்து, அவருக்கேற்ற கடன் அட்டையையும் கடனையும் பரிந்துரைத்து, விற்பவரிடம் தரகு பெறுவது அதன் வருவாய் வழி. 2024 மார்ச் மாதம் அச்சேவையே மூடப்பட்டது. பல ஆண்டுக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் அதை வேறிடத்துக்கு மாற்ற அலைய நேர்ந்தது.

பெயரை நீக்கிவிட்டுத்தான் விவரங்களை விற்கிறோம் என்று சில ஸ்தாபனங்கள் சமாதானம் கூறும். 2015இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி 11 லட்சம் பேரின் மூன்று மாதக் கடன் அட்டைச் செலவுகளை ஆராய்ந்தது. பெயர் இல்லாவிட்டாலும், ஒருவர் எந்த நாளில் எந்தக் கடையில் வாங்கினார் என்ற நான்கே செய்திகளைக் கொண்டு 90 விழுக்காட்டினரைத் தனித்து அறிய முடிந்தது. பீடோங்கிலோ லூனாசிலோ நான்கு கூடத் தேவைப்படாது என்பது என் எண்ணம். ஒரே மருந்துக் கடை, ஒரே அடகுக் கடை, ஒரே பள்ளி என்று வாழும் சிற்றூரில் ஆளை அடையாளம் காண்பது எத்தனை எளிது!

அந்தரங்கம் என்றவுடன் அந்நிய ஸ்தாபனங்களை மட்டும் எண்ணிவிடலாகாது. நம் தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியிலும் முந்தானை முடிச்சிலும் காசு சேர்த்தார்கள். குடிகாரக் கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த அந்தப் பணமே பல பிள்ளைகளின் பள்ளிச் சீருடை ஆயிற்று. குடும்பத்தின் எல்லாக் கணக்குகளையும் ஒரே திரையில் கூட்டிக் காட்டும் செயலியில் முந்தானை முடிச்சுக்கு இடமில்லை. அத்திரையைப் பார்ப்பவர் யார் என்பது அந்தப் பெண்ணுக்கு அற்ப விஷயமன்று.

எனினும் சௌகரியத்தை இழித்துப் பேசுவது நியாயமன்று. இரண்டு கடன் அட்டை, ஒரு தவணை, ஒரு கூட்டுச் சீட்டு என்று சிதறிக் கிடக்கும் கடனை ஒரு தடவை மொத்தமாகப் பார்த்தாலே திடுக்கிட்டுத் திருந்தியவர்கள் உண்டு. கணக்கே எழுதாதிருப்பதைக் காட்டிலும் செயலியில் எழுதுவது மேல். ஆனால், தானே பதியும் செலவு மனத்தில் பதிவதில்லை என்பதை ஆசிரியன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். வாய்ப்பாட்டைக் கேட்ட பையனைவிட எழுதிய பையனுக்கு நினைவு அதிகம்.

நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. நம்மைப் பற்றி ஒரு ஸ்தாபனம் வைத்துள்ள விவரங்களைக் கேட்டுப் பார்க்கவும், பிழை திருத்தவும், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறவும் அது உரிமை தருகிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம், அபராத உச்சத்தை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. விவரங்கள் கசிந்தால் அறிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அயல்நாட்டில் இருந்தபடியே சேவை நடத்துவோரை இதன் வழியாக எட்டிப் பிடிப்பதும் கடினம்.

ஆகவே, கணக்குச் செயலி வேண்டுவோர் இரண்டில் ஒன்றைத் தேர்வது நலம் என்று கருதுகிறேன். கையால் பதியும் செயலி ஒன்று. வங்கி தன் செயலியிலேயே செலவை வகை பிரித்துத் தருமாயின் அது மற்றொன்று. நம் கணக்கை ஏற்கெனவே பார்ப்பது வங்கிதானே! அங்கே புதிதாக ஒரு கண் சேர்வதில்லை. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டு எந்தச் செயலியையும் இறக்கலாகாது. வீடு துப்புரவு செய்து தருவதாக விளம்பரம் செய்த போலிச் செயலிகள் 2022இல் இந்நாட்டில் பலருடைய வங்கி இரகசியச் சொற்களைத் திருடின. அவ்வாறு நேர்ந்தால் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழைக்க வேண்டும்.

வேண்டாமென்று முடிவு செய்த செயலியைத் தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டால் மட்டும் போதாது. பதிவுகள் ஸ்தாபனத்திடமே இருக்கும். முதலில் வங்கி இரகசியச் சொல்லை மாற்றி, பின்னர்ப் பதிவுகளை அழிக்குமாறு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும். வங்கிக் கடன்களைப் பற்றிப் பிறர் நம்மை எவ்வாறு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அறிய விரும்புவோர், பேங்க் நெகாரா நடத்தும் ‘சிசிரிஸ்’ அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம். கடந்த பன்னிரண்டு மாதங்களில் எந்தத் தவணை எத்தனை மாதம் தவறியது என்பது அதில் கட்டம் கட்டமாகக் காணப்படும்.