பேசாத பிள்ளைக்கு முதலில் காதைப் பாருங்கள்

இரண்டு வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று ஒரு தாய் கவலைப்பட்டால், எக்கியார்குப்பம் போன்ற கடலோரக் கிராமமானாலும் சென்னையானாலும் கிடைக்கிற ஆறுதல் ஒன்றுதான்: “அவங்க அப்பனே லேட்டாத்தான் பேசினான், வசம்பு உரைச்சு நாக்குல தடவு.” தாமதமாகப் பேசத் தொடங்கித் தானாகவே சரியாகிவிடும் பிள்ளைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் எந்தப் பிள்ளை சரியாகும், எது ஆகாது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பேச்சு வராததற்குக் காது கேளாமை காரணமாக இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நட்டம். செவித்திறன் குறைவு ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னே இருந்ததை அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998-லேயே காட்டியது. “கதவு சாத்தினா திரும்புறானே” என்பது சான்றாகாது. பெருஞ்சத்தம் கேட்கும் பிள்ளைக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் போகலாம். குழந்தை தூங்கும்போதே எடுக்கிற ‘பெரா’ (BERA) என்ற செவிப் பரிசோதனை அதைச் சொல்லிவிடும்.

பரிசோதனைக்குப் பிறகு பேச்சுப் பயிற்சிக்காகக் கூலியை விட்டுவிட்டு வாரந்தோறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே அலைவது என்று உப்பளத்தில் வேலை செய்பவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் ஸ்பீச் தெரபி எனும் அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி நடப்பது வீட்டில்தான். எதை எப்படிச் செய்வது என்று பெற்றோருக்குச் சொல்லித் தருவது பயிற்சியாளரின் முக்கிய வேலை. பிள்ளை நண்டைக் கைகாட்டினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல், அதன் முகத்துக்கு நேரே குனிந்து “நண்டு” என்று சொல்லி, பத்து எண்ணும் நேரம் பொறுத்திருக்க வேண்டும். “ந” என்று வந்தாலும் அதைப் பேச்சாக ஏற்று, “ஆமா, நண்டு, பெரிய நண்டு” என்று நீட்ட வேண்டும். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்யக்கூடியது இது. செல்போன் பாட்டு இதற்கு ஈடாகாது. அது பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

செலவுக்குப் பயந்தும் ஒதுங்க வேண்டாம். பேச்சு, மொழிக் குறைபாட்டை மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அதன் 25-ஆவது பிரிவு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சை இலவசம். புதுச்சேரி ஜிப்மரும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் எக்கியார்குப்பம் பக்கத்தினருக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பேச்சுப் பயிற்சிக்குத் தனியாரிடம் போவதானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவில்லாமல் இத்தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. நாக்கின் அடியிலுள்ள சவ்வை அறுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால், செவிப் பரிசோதனை முடியாமல் சம்மதிக்காதீர்கள்.

அடுத்த முறை அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும்போது பிள்ளையோடு போங்கள். “காது பார்க்கணும், சீட்டு எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள். எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.