‘அருணாச்சலம்’ படத்துக்குத் தொலைந்துபோன ஓர் அக்கா உண்டு... தெரியுமா?

30 நாள்... 30 கோடி ரூபாய்... ஒரு பைசா மிச்சமில்லாமல் செலவு செய்ய வேண்டும். முடித்துக்காட்டினால் 3,000 கோடி! 1997-ல் வெளியான ‘அருணாச்சலம்’ படத்தில் ரஜினி எதிர்கொண்ட இந்தச் சவாலை, டிவியில் எத்தனை முறை போட்டாலும் சேனல் மாற்ற மனசு வராது.

சரி, ரஜினிக்கு 71 வருடங்களுக்கு முன்பே இதே சிக்கலில் ஒரு பெண் மாட்டிக்கொண்டு விழித்தார் என்பது தெரியுமா? அந்தப் படத்தின் பெயர் ‘மிஸ் ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’. 1926-ல் வந்த மௌனப் படம். காதலும் காமெடியும் கலந்த கதை. ஆனால், இன்று அதை யாராலும் பார்க்க முடியாது!

எல்லாம் ஒரு நாவலில் தொடங்கியது

ஜார்ஜ் பார் மெக்கட்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய நாவல் ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’. ப்ரூஸ்டர் என்ற இளைஞனுக்குத் தாத்தாவின் சொத்தாக 10 லட்சம் டாலர் கிடைக்கிறது. அந்தத் தாத்தாவை அறவே பிடிக்காத மாமா ஒருவரும் உயில் எழுதி வைத்திருக்கிறார். ‘தாத்தா காசு முழுவதையும் ஒரே வருடத்தில் செலவழித்துவிட்டு வெறும் கையோடு வந்தால், என்னுடைய 70 லட்சம் டாலர் உனக்கு’ என்பது நிபந்தனை. காரணத்தை யாரிடமும் சொல்லக் கூடாது. காதலியிடம்கூட!

‘பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று நண்பர்கள் பதறுவதும், அவன் வாயைத் திறக்க முடியாமல் தவிப்பதும்தான் கதையின் காமெடி.

நாவல் 1906-ல் நாடகமானது. 1914-ல் மௌனப் படமானது. 1921-ல் ‘ஃபேட்டி’ ஆர்பக்கிள் என்ற புகழ்பெற்ற காமெடி நடிகர் மறுபடியும் நடித்தார்.

ஹீரோ போய் ஹீரோயின் வந்தார்

1926-ல் பாரமவுன்ட் நிறுவனம் கதையையே திருப்பிப் போட்டது. பணத்தைச் செலவழிக்க வேண்டியவர் இந்த முறை ஒரு பெண். சினிமாவில் துணை நடிகையாகக் காலம் தள்ளும் ஏழைப் பெண் பாலி ப்ரூஸ்டர். பீபி டேனியல்ஸ் நடித்தார். பணத்தைப் பத்திரமாக முதலீடு செய்யச் சொல்கிறார் இளம் வக்கீல். செலவழித்துத் தீர்க்கச் சொல்கிறார் உறவுக்காரப் பெரியவர். அந்த வக்கீல்தான் ஹீரோ. நடித்தவர் வார்னர் பாக்ஸ்டர். சில வருடங்கள் கழித்து, சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியவர்.

ஒரு பெண் தன் கைக்கு வந்த பணத்தைத் தன் இஷ்டப்படி வாரி இறைப்பதை அந்தக் காலத்து தியேட்டர் எப்படி ரசித்திருக்கும்! அதைப் பார்க்கத்தான் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மூன்றும் போச்சு!

1914, 1921, 1926... மூன்று படங்களுமே தொலைந்துபோனவை பட்டியலில்தான் இருக்கின்றன.

அன்றைய ஃபிலிம் சுருள்கள் நைட்ரேட்டால் ஆனவை. சட்டென்று தீப்பிடிக்கும், வைத்த இடத்திலேயே மக்கியும் போகும். பேசும் படங்கள் வந்த பிறகு மௌனப் படங்களுக்கு மவுசு போய்விட்டது. இடத்தை அடைக்கிறதே என்று தூக்கிப் போட்டார்கள். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் அழித்தார்கள்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஓர் அதிர்ச்சிக் கணக்கைச் சொல்கிறது. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள மௌனப் படங்கள் சுமார் 11,000. வெளியான அதே வடிவில் முழுசாக மிஞ்சியவை 14 சதவிகிதம்தான்.

நம் கதையும் வேறு இல்லை. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ படமும் இன்று இல்லை.

நாவல் புத்தகமாக இருந்ததால் கதை பிழைத்தது. 1985-ல் ஹாலிவுட்டில் மறுபடியும் எடுத்தார்கள். 1988-ல் இந்தியில் ‘மாலாமால்’ ஆனது. பிறகு நம்ம ஊர் ‘அருணாச்சலம்’. ஆனால், பீபி டேனியல்ஸின் சிரிப்பை எந்தப் புத்தகத்திலிருந்து மீட்பது?

ஒரு சின்ன நம்பிக்கை

இதே படத்தின் இயக்குநர் கிளாரன்ஸ் பேட்ஜர், 1927-ல் கிளாரா போவை வைத்து ‘இட்’ என்ற காதல் காமெடியை எடுத்தார். அதுவும் தொலைந்துவிட்டது என்றே பல வருடங்கள் நினைத்தார்கள். 1960-களில் ப்ராக் நகரில் ஒரு பிரதி கிடைத்தது! இன்று அதை போனிலேயே பார்க்கலாம். பாலி ப்ரூஸ்டரும் எங்காவது ஒரு தகர டப்பாவுக்குள் காத்திருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அம்மா, அப்பாவின் கல்யாண வீடியோ கேசட் ஒன்று கிடக்கிறதா? பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்து, போனில் பார்க்கிற மாதிரி மாற்றி வைத்துவிடுங்கள். அதற்கு இன்னொரு பிரதி ப்ராக் நகரில்கூட இருக்காது!