பட்டாளத்துத் தாத்தாவின் டிரங்குப் பெட்டி

ஒரு பட்டாளத்துக்காரரை எப்படிக் கொண்டாடுவது என்று கம்பம் பள்ளத்தாக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பள்ளத்தாக்குக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த பென்னிகுவிக் ராணுவப் பொறியாளர். 1868இல் அபிசீனியப் போருக்குப் போய்வந்தவர். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம்.

அதே வீட்டுப் பரணில் சொந்தத் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடக்கலாம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரின்போது 20 வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். பெட்டியைவிட முதலில் காக்க வேண்டியது அவர் பேச்சைத்தான்.

‘சண்டை எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ஒரே வரியில் முடித்துவிடுவார். எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், வழியனுப்ப யார் வந்தார்கள், சப்பாத்தி எப்போது பழகியது, இந்தி எப்படி வந்தது என்று தொடங்குங்கள். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுத்தால் பேச்சு தானாக வரும். மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டு, போனை அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அவர் மௌனமானால் வற்புறுத்த வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000 முதல் முன்னாள் வீரர்களின் பேச்சைச் சேர்த்துவருகிறது. வெட்டாத, 30 நிமிடத்துக்குக் குறையாத பதிவையே அது ஏற்கிறது. நாமும் வெட்டாமல் வைக்கலாம். மணியார்டருக்குக் காத்திருந்து குடும்பம் நடத்திய பாட்டியின் பேச்சும் அதே போர்க்கதையின் மறுபாதிதான்.

அடுத்து, பொருள்கள்.

பதக்கம்: விளிம்பிலோ பின்புறத்திலோ படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வரும், எழுத்து போய்விடும். மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பதக்கத்தின் பெயரே ஒரு தகவல்: ‘பூர்வி ஸ்டார்’ என்றால் 1971இல் கிழக்கு முனை, ‘பஸ்சிமி ஸ்டார்’ என்றால் மேற்கு முனை.

கடிதம்: பாதுகாப்புக்காக, வீரர் இருந்த ஊர் பெயர் முகவரியில் இருக்காது. ஆனால் ராணுவ அஞ்சலகக் குறியான ‘56 ஏ.பி.ஓ.’ பெரும்பாலும் மேற்குப் பகுதியையும், ‘99 ஏ.பி.ஓ.’ கிழக்குப் பகுதியையும் குறிக்கும். அதனால் கடிதத்தோடு உறையையும் தபால் முத்திரையையும் சேர்த்தே வையுங்கள்.

போட்டோ, டிஸ்சார்ஜ் புக்: லேமினேஷன் வேண்டாம், செலோடேப் ஒட்ட வேண்டாம். இரண்டும் பின்னால் தாளைக் கெடுக்கும். போட்டோவின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், வருடம் எழுதுங்கள். எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, இரண்டு பேரிடமாவது பிரதி இருக்கட்டும். பென்ஷன் தாள்களின் அசலை யாருக்கும் இரவல் தராதீர்கள். பெட்டியைக் கரையானும் ஈரமும் எட்டாத அலமாரியில் வையுங்கள்.

வெடிக்காத தோட்டா இருந்தால் அது நினைவுப்பொருள் அல்ல. தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கடைசியாக, எது யாருடையது, எப்போது கிடைத்தது, யார் சொன்னது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் பேரன் காலத்தில் பதக்கம் எடைக்குப் போகும் உலோகம்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழிப்பீர்கள் அல்லவா? அன்று பெட்டியை இறக்கித் தாத்தா முன்னால் வையுங்கள். பூட்டை அவரே திறக்கட்டும்.